பழைய ரிவால்வரின் உண்மையான வயது

அமெரிக்காவில் தனியார் ஒருவரிடம் பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதன் மேல்பூச்சைத்தான். கருநீலப் பூச்சு பளபளத்தால் விலை ஏறுகிறது. குழல் முனையில் பூச்சு தேய்ந்து வெள்ளை எஃகு தெரிந்தால் விலை இறங்குகிறது. அலங்காரத்துக்கு வாங்குபவருக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். சுடுவதற்கு வாங்குபவரை இது இரண்டு வழியிலும் ஏமாற்றும். நல்ல துப்பாக்கியை ஒதுக்க வைக்கும். ஆபத்தான துப்பாக்கிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வைக்கும்.

காரணம் அந்த நாட்டின் காவல்துறை வரலாற்றில் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்த ரிவால்வர், 1957இல் ‘மாடல் 10’ என்று எண் பெற்றது. அறுபது லட்சத்துக்கும் மேல் தயாரான துப்பாக்கி அது. அமெரிக்கக் காவலர்களில் பல தலைமுறையினர் அதை இடுப்பில் சுமந்தார்கள். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்தனர். அதன்பின், ஆறு தோட்டா ரிவால்வர் போதாது என்ற எண்ணம் வலுத்தது. நகரம் நகரமாகக் காவல்துறைகள் அரைத்தானியங்கிப் பிஸ்டலுக்கு மாறின. கழித்துக் கட்டப்பட்ட ரிவால்வர்கள் ஆயிரக்கணக்கில் பழைய சந்தைக்கு வந்தன, கைமாறிக் கைமாறி இன்றும் விற்பனையாகின்றன.

அவற்றைக் கையில் எடுத்தால் பரிதாபமாக இருக்கும். தோல் உறை ஆண்டுக்கணக்கில் உரசியதில் விளிம்புகளில் பூச்சே இருக்காது. மரப்பிடியில் கார் கதவு இடித்த தழும்புகள். ஆனால் அந்தக் காவலர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்குச் சில முறை நடக்கும் பயிற்சித் தேர்வில் மட்டுமே சுட்டவர்கள். வெளியே கிழம், உள்ளே இளமை. இதற்கு நேர் எதிரான துப்பாக்கியும் சந்தையில் உண்டு. வாரந்தோறும் முழு வேகத் தோட்டாக்களைச் சுட்டுச் சுட்டு உள்ளுறுப்புகள் தளர்ந்துபோக, விற்பதற்கு முன் மெருகேற்றிப் புதுப்பூச்சு அடித்து வைக்கப்பட்டது.

ரிவால்வரின் உண்மையான வயது அதன் தோலில் இல்லை, உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் இருக்கிறது. அந்த இடைவெளிகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவிலானவை. ஆனாலும் கை, கண், காது, ஒரு ஃபீலர் கேஜ் ஆகியவற்றைக் கொண்டு யாரும் பதினைந்து நிமிடத்தில் அவற்றை அளந்துவிட முடியும். நம்மூர் மெக்கானிக் பைக்கின் டேப்பெட் இடைவெளி பார்க்கப் பயன்படுத்துகிறாரே, அதே ஃபீலர் கேஜ்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடமை. சிலிண்டரைத் திறந்து, எல்லா அறைகளும் காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். விற்பவர் ஏற்கெனவே திறந்து காட்டியிருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் மறுபடி செய்ய வேண்டும். சோதனை நடக்கிற மேசையில், அந்த அறையிலேயே கூட, தோட்டா இருக்கக் கூடாது. குழல் எப்போதும் யாரும் இல்லாத திசையை நோக்கியிருக்க வேண்டும். இதைச் சடங்காக நினைப்பவரிடம் துப்பாக்கி வாங்கவும் கூடாது, அவருக்கு விற்கவும் கூடாது.

இனி அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருத்தின் சாரம் இது: சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும் அதே அசைவில் சிலிண்டர் ஒரு அறை சுழன்று, குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். இதைச் செய்பவை இரண்டு சிறு எஃகுத் துண்டுகள். ‘ஹேண்ட்’ எனப்படும் நாக்கு கீழிருந்து மேலெழுந்து, சிலிண்டரின் பின்புறமுள்ள ராட்செட் பல்லைத் தள்ளிச் சுழற்றுகிறது. ‘ஸ்டாப்’ எனப்படும் சிறு முளை, சிலிண்டரின் வெளிச்சுவரில் வெட்டியிருக்கும் குழிக்குள் விழுந்து அதை நிறுத்துகிறது. ஆறு அறை ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் சுழற்சி 60 பாகை. இந்த 60 பாகை முடிந்து பூட்டு விழுந்த பிறகுதான் சுத்தியல் கடைசி நிலையை எட்ட வேண்டும். இந்த ஒழுங்குக்கு டைமிங் என்று பெயர். பழைய ரிவால்வரில் முதலில் கெடுவது இதுதான்.

கெட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். நடுத்தர அளவு .38 ரிவால்வரில், சிலிண்டரின் மையத்திலிருந்து ஒரு அறையின் மையம் வரை ஏறக்குறைய 11 அல்லது 12 மி.மீ. இருக்கும். சிலிண்டர் ஒரே ஒரு பாகை குறைவாகச் சுழன்று நின்றால், அறையின் மையம் குழலின் மையத்திலிருந்து 0.2 மி.மீ. விலகி நிற்கும். தோட்டாவின் ஈயத்தலை அந்த விலகலோடு குழலின் வாயில் மோதும். வாய் கூம்பு வடிவில் விரிந்திருப்பதால் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஈயத்தின் ஒரு பக்கம் சீவப்பட்டு, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நின்று சுடுபவரின் கன்னத்திலோ கண்ணிலோ அது படலாம்.

சோதிக்கும் முறை எளிது. சுத்தியலைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் சுழலும் சிலிண்டர் தன் வேகத்திலேயே மீதித் தூரத்தைக் கடந்து பூட்டிக்கொள்ளும், குறை மறைந்துவிடும். மெதுவாக இழுக்கும்போது ஸ்டாப் குழிக்குள் விழும் ‘டிக்’ ஒலி முதலில் கேட்க வேண்டும், சுத்தியல் நிற்கும் ஒலி அதற்குப் பிறகு. வரிசை மாறினால், அல்லது சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளிப் பூட்ட வேண்டியிருந்தால், டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஆறு அறைகளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். அதன்பின் சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக அழுத்தி உராய்வு கொடுத்தபடி இன்னொரு சுற்று. காலி சிலிண்டர் எளிதாகச் சுழலும். ஆறு தோட்டாக்களின் எடையோடும், சுட்ட புகைக் கரியோடும் சுழல்வது அத்தனை எளிதல்ல. அந்த நிலைமையைத்தான் விரல் உண்டாக்கித் தருகிறது.

இந்தச் சோதனை நோயைக் காட்டுவதோடு, நோயின் இடத்தையும் காட்டுகிறது. ஒரே ஒரு அறை மட்டும் பின்தங்கினால் ராட்செட்டின் ஒரு பல் தேய்ந்திருக்கிறது. ஆறும் ஒரே அளவில் பின்தங்கினால் ஹேண்ட் தேய்ந்திருக்கிறது. ஹேண்ட் மாற்றுவது நல்ல கைவினைஞருக்குச் சாதாரண வேலை. விலையில் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

அடுத்தது பூட்டின் இறுக்கம். விசையை முழுவதும் அழுத்திச் சுத்தியலை விழவிட்டு, விசையை விடாமல் பிடித்துக்கொண்டு, சிலிண்டரை இடமும் வலமும் அசைத்துப் பார்க்க வேண்டும். தோட்டா வெடிக்கும் நொடியில் துப்பாக்கி இருக்கும் நிலை இதுதான். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை. .22 ரிம்ஃபயர் ரிவால்வரில் காலி அறை மீது சுத்தியலை விழவிடவே கூடாது. ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் உண்டாக்கக்கூடும்.

இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் தீர்ப்பு மாறுகிறது. இதை அறியாமல் பலர் தவறு செய்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அந்த நிலையிலும் மிகச் சிறு ஆட்டம் இருக்கும். அது வடிவமைப்பின் இயல்பு. தோட்டாவின் தலை கூம்பு வாய்க்குள் நுழையும்போது அறையைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ள அந்தச் சிறு தளர்வு இடம் தருகிறது. 1955இல் வந்த கோல்ட் பைத்தான் போன்ற பழைய கோல்ட் ரிவால்வர்களில் அப்படியில்லை. விசை அழுத்தப்பட்டிருக்கும் வரை ஹேண்ட் ராட்செட்டை அழுத்திக்கொண்டே இருப்பதால் சிலிண்டர் அசையவே அசையாது. அந்த இறுக்கத்துக்காகத்தான் பைத்தானுக்குப் பெயர். அதே காரணத்தால் அதன் ஹேண்ட் ஒவ்வொரு குண்டின் அடியையும் வாங்கிக்கொண்டு விரைவில் தேய்கிறது. ஆக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் கவலைப்படத் தேவையில்லாத ஆட்டம், பழைய பைத்தானில் பழுதின் அறிகுறி. பைத்தானின் விலை இன்று பல மடங்கு என்பதால், அதை வாங்குபவர் இந்த ஒரு சோதனையைத் தவறவிடவே கூடாது.

இனி ஃபீலர் கேஜை எடுக்கலாம். அதற்கு முன் துப்பாக்கியைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும், அல்லது நாமே துடைக்க வேண்டும். வெற்றுத் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் இரண்டு சிக்கியிருந்தால் போதும், சிலிண்டர் இறுகிச் சுழலும், அளவுகள் பொய் சொல்லும். அழுக்கால் இறுகியிருக்கும் துப்பாக்கியைப் பார்த்து ‘நல்ல டைட்டாக இருக்கிறது’ என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ. வரை ஏற்கத்தக்கது, 0.15 மி.மீ. அருமை. 0.10ஐவிடக் குறைந்தால் கரி படிந்து, சூட்டில் விரிந்து, சிலிண்டர் சிக்கிக்கொள்ளும். 0.25ஐவிடக் கூடினால் வாயு வீணாகும், குண்டின் வேகம் குறையும், பக்கவாட்டுத் தெறிப்பும் மிகும்.

ஆனால் ஒரே ஒரு முறை அளந்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். சிலிண்டரைப் பின்னே தள்ளிப் பிடித்து ஒரு முறை, முன்னே தள்ளிப் பிடித்து ஒரு முறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிலிண்டர் முன்பின்னாக ஆடும் அளவு. எண்ட் ஷேக் என்பார்கள். பின்னே தள்ளினால் 0.20, முன்னே தள்ளினால் 0.12 என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் 0.08 மி.மீ. இது அதிகம். 0.05க்குள் இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும் இந்தத் தளர்வுக்குள் சிலிண்டர் முன்னும் பின்னும் சம்மட்டிபோல் இடிக்கிறது. இடிக்க இடிக்கத் தளர்வு கூடுகிறது, தளர்வு கூடக் கூட இடியின் வேகம் கூடுகிறது. அதிகச் சுமையுள்ள தோட்டாக்களைச் சுட்ட துப்பாக்கி கெடும் முதன்மையான வழி இதுவே.

இந்த இரண்டு அளவுகளில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். எண்ட் ஷேக் மட்டும் கூடியிருந்தால், சிலிண்டரின் உள்ளே மெல்லிய எஃகு வாஷர் ஒன்றோ இரண்டோ வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு விலையும் குறைவு, நேரமும் குறைவு. சிலிண்டரைப் பின்னே தள்ளிய நிலையில் இடைவெளியே 0.30 மி.மீ. என்று இருந்தால் கதை வேறு. குழலைக் கழற்றி, ஒரு மரைச்சுற்று உள்ளே இறக்கி, முனையை மறுபடி கடைந்து பொருத்த வேண்டும். சாதாரண மாடல் 10க்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது குழலின் பின்முனையிலுள்ள அந்தக் கூம்பு வாய். ரிவால்வரில் மிகக் கொடுமையான சூட்டைத் தாங்கும் இடம் அது. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357 மேக்னத்துக்கு 35,000. மேக்னத்தின் வரம்பு, கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எரியும் வெடிமருந்தின் வெப்பம் எஃகின் உருகுநிலையைத் தாண்டுகிறது. எஃகு உருகிவிடாமல் தப்புவதற்கு ஒரே காரணம், எல்லாம் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடியில் முடிந்துவிடுவதுதான். என்றாலும் மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய படலம் சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, மறுபடி சூடேறுகிறது. சில ஆயிரம் முறை இப்படி நடந்தபின், வறண்ட குளத்தின் மண்போல அங்கே நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே வாயு அரிக்கத் தொடங்குகிறது.

இதன் விளைவைத் தெளிவாகக் காட்டிய துப்பாக்கி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19. எல்லைக் காவல் படையைச் சேர்ந்த பில் ஜோர்டான் என்ற புகழ்பெற்ற சுடுநர், இடுப்பில் சுமக்க எளிதாக நடுத்தர அளவுச் சட்டத்தில் (ஃபிரேமில்) மேக்னம் ரிவால்வர் வேண்டும் என்று வற்புறுத்தியதன் பயன் அது, 1955இல் வெளிவந்தது. .38க்கென்று வடிவமைத்த அளவிலான சட்டத்தில் மேக்னத்தைப் புகுத்தியபோது, சிலிண்டரைத் தாங்கும் யோக் மடங்கி உள்ளே வருவதற்கு இடம் போதவில்லை. குழலின் பின்முனையில், அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவினார்கள். அந்த இடத்தில், அதாவது கடிகாரத்தின் ஆறு மணி நிலையில், கூம்பு வாயின் சுவர் மெலிந்துபோனது.

அக்காலக் காவலர்கள் பயிற்சிக்கு மென்மையான .38 தோட்டாவைச் சுட்டு, பணிக்கு மட்டுமே மேக்னம் போட்டார்கள். எந்தச் சிக்கலும் வரவில்லை. பிறகு பயிற்சியிலும் முழு மேக்னம் சுட வேண்டும் என்ற கொள்கை பரவியது. 125 கிரெய்ன் எடையுள்ள இலகுவான, வேகமான குண்டுகளும் வந்தன. இலகுவான குண்டு நீளத்தில் குட்டை. அதன் தலை குழலின் வாயை முழுவதும் அடைப்பதற்குள் வால் பித்தளைக் கூட்டை விட்டு வெளியேறிவிடும்; எரியும் வாயுவும் எரியாத மருந்தும் குண்டை முந்திக்கொண்டு கூம்பு வாயைச் சுடும். ஆறு மணி நிலையில் விரிசல்கள் தோன்றின. நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சற்றே பெரிய சட்டத்தில் 586, 686 மாடல்களைக் கொண்டுவந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே மாடல் 19 அல்லது அதன் துருப்பிடிக்காத இரட்டையான மாடல் 66 வாங்குபவர், சிறு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கொண்டுபோய், அந்த ஆறு மணி இடத்தைக் கரி நீக்கித் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அதை வாங்கக் கூடாது. அந்தக் குழலை மாற்றத்தான் வேண்டும், பழைய குழல்களோ கிடைப்பது அரிது. கூம்பு வாய்க்கு நேர் மேலே, சட்டத்தின் மேல்பட்டையின் அடிப்பரப்பில், வாயு வெட்டிய மெல்லிய கோடு ஒன்று பெரும்பாலான மேக்னம் ரிவால்வர்களில் இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும், அது ஓரளவு ஆழம் போனபின் தானே நின்றுவிடுவது வழக்கம். பயப்பட வேண்டியது விரிசலுக்குத்தான், கோட்டுக்கு அல்ல.

குழலின் உட்புறத்தைப் பார்க்க, சிலிண்டரைத் திறந்து, பின்பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து வெளிச்சம் விழச் செய்து, முன்னிருந்து நோக்க வேண்டும். சிறு சொறிப்புள்ளிகள் குறியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. குழலைச் சுற்றி நிழல்போல ஒரு கருவளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு நடுவில் சிக்கி நிற்க, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். அந்தக் குழல் போனது போனதுதான்.

அறைகளிலும் ஒரு வரலாற்றுப் பொறி உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிரிட்டிஷ் படைகளுக்காக லட்சக்கணக்கில் ரிவால்வர்களைச் செய்து அனுப்பியது. அவை .38 ஸ்பெஷலுக்கு அல்ல, குட்டையும் சற்றே தடிமனுமான .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. போருக்குப் பின் அவற்றை மலிவாக வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த வணிகர்கள், அறையை மேலும் நீளமாகக் கடைந்து ‘.38 ஸ்பெஷல்’ என்று விற்றார்கள். நீளம் பொருந்தியது; அகலம் பொருந்தவில்லை. தோட்டாவின் பித்தளைக் கூடு அறைக்குள் தொளதொளவென்று உட்கார்ந்து, சுடும்போது அடிப்பகுதி உப்பிப் பிளக்கும். குழலில் பிரிட்டிஷ் சோதனை முத்திரைகளும், அறைக்குள் பாதியில் ஒரு படியும் தெரிந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்த சோதனை உயிர் சம்பந்தப்பட்டது. காலி என்று மறுபடி உறுதிசெய்துகொண்டு, சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்தி, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் சுத்தியலை முன்னோக்கி அழுத்த வேண்டும். அது அசையக் கூடாது. நழுவி விழுந்தால், விசையை இலகுவாக்கும் ஆசையில் யாரோ வீட்டிலேயே உள்ளுறுப்புகளை அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். அந்த உறுப்புகளில் கடினமாக்கப்பட்ட எஃகு மேலோட்டமான ஒரு படலம் மட்டுமே. அதைத் தேய்த்து எடுத்தபின் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு நாளுக்கு நாள் மழுங்கும். இந்தத் துப்பாக்கி கீழே விழுந்தாலோ, கை தட்டினாலோ வெடிக்கக்கூடும். பக்கத் தகட்டின் திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் அதையும் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். பொருந்தாத திருப்புளியோடு ஒருவர் உள்ளே போய் வந்திருக்கிறார்.

கீழே விழுவது வெறும் கற்பனை ஆபத்தல்ல. போர்க்காலத்தில் கப்பல் தளத்தில் விழுந்த ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதன்பின் நிறுவனம் சுத்தியலுக்கும் சட்டத்துக்கும் நடுவே வந்து நிற்கும் ஒரு தடுப்புத் தகட்டைப் புதிதாக வடிவமைத்துச் சேர்த்தது. சில அரைகுறைக் கைவினைஞர்கள் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும்போது அந்தத் தகட்டைத் திரும்ப வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டரைத் திறந்து, கட்டைவிரல் தாழ்ப்பாளைப் பின்னே இழுத்துப் பிடித்தபடி சுத்தியலை இழுத்தால் அந்தத் தகடு இறங்குவதைக் காணலாம். 1973க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் இத்தகைய தடுப்பு இல்லை. ரூகர் நிறுவனம் அவற்றுக்குப் பாதுகாப்பு உறுப்புகளை இலவசமாகவே பொருத்தித் தருகிறது, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுக்கிறது. பொருத்தாத துப்பாக்கி என்றால், சுத்தியல் காலி அறை மீது நிற்கும்படி ஐந்து தோட்டா மட்டுமே போட்டுச் சுமக்க வேண்டும்.

சினிமாவில் கதாநாயகன் மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை ‘டப்’ என்று மூடுவான். ரிவால்வரை அறிந்தவர்களை இதைப்போல் பதறவைக்கும் காட்சி வேறில்லை. சிலிண்டர் முழுவதையும் தாங்குவது யோக் என்ற மெல்லிய கரம் ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சுண்டினால் அது வளையக்கூடும். வளைந்தால் ஆறு அறைகளும் நேர் தவறும். மூடிய நிலையில் யோக் சட்டத்தோடு சேரும் இடத்தில் கோடு சீராக, முடியிழை போல் இருக்க வேண்டும். மேல்பக்கம் விரிந்தும் கீழே ஒட்டியும் இருந்தால், அல்லது சுழற்றும்போது சிலிண்டரின் முன்முகம் தள்ளாடினால், சுண்டியிருக்கிறார்கள்.

பூச்சைப் பற்றிக் கடைசியாக. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய நீலப் பூச்சுத் துப்பாக்கிகளில் சுத்தியலும் விசையும் நீலமாக இருக்காது. கடினப்படுத்தியதால் வரும் வண்ணத்திட்டுகளோடு இருக்கும். அவையும் நீலமாக இருந்தால் முழுத் துப்பாக்கிக்கும் மறுபூச்சு அடித்திருக்கிறார்கள். எழுத்துகள் மங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்திருந்தாலும் அதே பொருள். மறுபூச்சு குற்றமல்ல; புதிது என்று சொல்லி விற்பதுதான் குற்றம். தொடர் எண் அழிக்கப்பட்டிருந்தாலோ தொட்டு மாற்றப்பட்டிருந்தாலோ அதை வைத்திருப்பதே அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விலை எவ்வளவு குறைவானாலும் அந்த இடத்தைவிட்டு அகல வேண்டியதுதான்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்குத் தனியார் ஒருவர் நேரடியாக விற்க முடியாது. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் கைமாற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் தனியார் விற்பனைக்குப் பின்னணிச் சோதனை வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் கட்டாயப்படுத்துகின்றன. சட்டம் கேட்காத மாநிலத்திலும் உள்ளூர் வியாபாரிக்குச் சிறு கட்டணம் கொடுத்து அவர் மேசையில் மாற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. வாங்குபவர் யார் என்று விற்பவருக்கும், துப்பாக்கி யாரிடமிருந்து வந்தது என்று வாங்கியவருக்கும் ஒரு பதிவு இருக்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ரிவால்வரைக் கையில் வைத்திருப்பதே தண்டனைக்குரியது என்பதை இதைப் படிக்கும் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அங்கே சட்டப்படி வாங்கப் போகிற நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தேய்ந்த பூச்சு, கீறல் விழுந்த பிடி, சிலிண்டரைச் சுற்றி ஸ்டாப் உரசிய மெல்லிய கோடு: இவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், தயங்காமல் வாங்குங்கள். பின்தங்கும் டைமிங், கூடிய எண்ட் ஷேக் என்றால் பழுதுபார்க்கும் செலவைக் கழித்துப் பேசுங்கள். விரிசல் விட்ட கூம்பு வாய், உப்பிய குழல், அழுத்தினால் விழும் சுத்தியல், அழிந்த எண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சு வேண்டாம். எல்லாம் தேறினாலும், முதல் குண்டைச் சுடுவதற்கு முன் ஒரு தேர்ந்த கைவினைஞரிடம் காட்டிவிடுங்கள். இந்தச் சோதனைகளைச் செய்யவிடாமல் ‘என்னை நம்பமாட்டீர்களா’ என்று விற்பவர் கோபித்துக்கொண்டால், நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிடுங்கள். மாடல் 10 இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறது.